ஆனைக்கொம்பன் ஈ: ரகமா, நடவு நாளா, குளவியா, குருணையா?

சம்பாவுக்கு நாற்று விடும் நேரத்திலும், தாளடி வயலில் முதல் வெங்காய இலை (இந்த ஈ தாக்கியதால் இலையாக விரியாமல் குழலாகிவிட்ட குருத்து) தலைகாட்டும் நேரத்திலும் நெல் விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஆனைக்கொம்பன் ஈக்கு எதை நம்புவது? எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்துக்கு மாறலாம், நடவை முன்கூட்டியே முடிக்கலாம், ஒட்டுண்ணிக் குளவியை வயலில் விடலாம், குருணை மருந்தும் (மணி மணியான பூச்சிக்கொல்லி) போடலாம். பரிந்துரைக் கையேடுகளில் இவை நான்கும் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருப்பதால், கடையில் நான்கு சரக்கை அடுக்கி வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதுபோல் ஒரு மயக்கம் உண்டாகிறது. ஆனால் இந்த நான்கு வழிகளுக்கும் நாள் வேறு வேறு. ஒன்றன் நாள் கடந்துவிட்டால் அது பிறகு கைக்கு வராது. இந்தக் கட்டுரை அவற்றை அந்தக் கண்ணோட்டத்தில்தான் எடைபோடுகிறது.

## முதலில் பூச்சியின் கணக்கு

கொசுவைப் போன்ற உடலும் இளஞ்சிவப்பு வயிறும் கொண்ட, 3 மில்லிமீட்டர் அளவே உள்ள இந்த ஈயைப் பகலில் வயலில் காண்பது அரிது. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். பெண் ஈ இலையின் அடிப்பக்கத்திலும் இலையுறை சேரும் இடத்தருகிலும் முட்டையிடுகிறது. மூன்று நான்கு நாட்களில் வெளிவரும் புழு, இலைமேல் படிந்திருக்கும் ஈரத்தில் ஊர்ந்து, உறைகளுக்கு இடையே இறங்கி, தூரின் (நெற்குத்தில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டின்) அடியில் உள்ள வளரும் குருத்தை அடைகிறது. அங்கே அது உண்ணத் தொடங்கியதும் குருத்து இலையாக விரியாமல், உள்ளே வெறுமையான நீண்ட குழலாக மாறுகிறது. வெளிறிய நிறமும் யானைத் தந்தத்தை நினைவூட்டும் தோற்றமும் கொண்ட அந்தக் குழலால்தான் பூச்சிக்கு ஆனைக்கொம்பன் என்ற பெயர் வந்தது. (அதே பெயரில் ஒரு பாரம்பரிய நெல் ரகமும் இருப்பதால், விதை பற்றிப் பேசும்போது எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.)

முட்டை முதல் ஈ வரை ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. குழல் நம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளியே நீளும்போது, உள்ளே உள்ள புழு தன் வேலையை முடித்துக் கூட்டுப்புழுவாகும் நிலையை எட்டியிருக்கும். சில நாட்களில் கூட்டுப்புழு குழலின் நுனிக்கு நகர்ந்து துளையிட, ஈ வெளியேறிவிடுகிறது. காலியான கூட்டுத்தோல் அந்தத் துளையில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். குழலான தூரில் கதிர் வராது. பயிர் அந்த இழப்பை ஈடுகட்டப் புதிய தூர்களை விடும். ஆனால் அந்தப் புதுத் தூர்தான் அடுத்த தலைமுறைப் புழுவுக்கு ஏற்ற இளங்குருத்து. கதிர் உருவாகத் தொடங்கிய தூரை இந்தப் பூச்சியால் குழலாக்க முடியாது. ஆகவே அபாயக் காலம் நாற்றங்காலில் தொடங்கித் தூர்கட்டும் பருவம் முடியும் வரைதான்.

தண்டுத் துளைப்பானின் நடுக்குருத்துக் காய்தலோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. காய்ந்த குருத்து பழுப்பாக இருக்கும், இழுத்தால் எளிதில் கையோடு வந்துவிடும். ஆனைக்கொம்பன் குழல் வெளிர்பச்சையாகவோ வெள்ளியாகவோ இருக்கும், குறுக்கே கிள்ளினால் உள்ளே வெறுமையாக இருப்பது தெரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

மருந்தின் விலையையும் விதையின் விலையையும் மட்டும் ஒப்பிட்டால் இந்த முடிவு தவறாகப் போய்விடும். கேட்க வேண்டியவை ஐந்து. அந்த வழியை எந்த நாளுக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும்? தூரின் அடியில், உறைகளுக்குள் ஒளிந்திருக்கும் புழுவை அது எட்டுகிறதா? கைப்பணமாகத் தெரியாத செலவு எங்கே விழுகிறது? நமக்காக வேலை செய்யும் ஒட்டுண்ணிகளையும் சிலந்திகளையும் அது விட்டுவைக்கிறதா? அண்டை வயல்காரர் ஒத்துழைக்காவிட்டாலும் அது பலிக்குமா?

இவற்றுள் முதல் கேள்விக்கு நான் மற்ற நான்கையும் விடக் கூடுதல் எடை கொடுப்பேன். காரணம், மேலே சொன்ன மூன்று வாரக் கணக்குதான்.

## எதிர்ப்புத் திறன் உள்ள ரகம்

நாள்: விதை வாங்கும் நாள். அதற்குப் பின் இல்லை.

எதிர்ப்பு ரகத்தில் ஈ முட்டையிடுவதும் புழு குருத்துவரை செல்வதும் தடைபடுவதில்லை. குருத்தை அடைந்த புழு அங்கே வளர முடியாமல் சில நாட்களில் இறந்துவிடுகிறது. பூச்சி ஒளிந்துகொள்ளும் இடத்திலேயே அதைச் சந்திக்கிறது என்பதுதான் இந்த வழியின் பெரும் பலம், தெளிக்கும் எந்த மருந்துக்கும் இது வாய்க்காது. ஒட்டுண்ணிக்கும் மீனுக்கும் வாத்துக்கும் தீங்கு இல்லை. அண்டை வயலில் என்ன நடந்தாலும் நம் வயல் பெருமளவு தப்பும். தமிழ்நாட்டில் ஆனைக்கொம்பனுக்கு எதிர்ப்புள்ள ரகம் என்றதும் முதலில் சொல்லப்படுவது மதுரையிலிருந்து வந்த எம்.டி.யு. 3.

இனி மறைந்த செலவுகள். முதலாவது சந்தை. வியாபாரி கேட்பது பெரும்பாலும் சன்னரகம். அதில் பெயர்பெற்ற பி.பி.டி. 5204 ஆனைக்கொம்பனுக்கு எளிதில் ஆட்படும் ரகம். பூச்சியில்லாத ஆண்டில் எதிர்ப்பு ரகத்தைப் பயிரிட்டவர் மூட்டைக்குச் சில ரூபாய் குறைவாகப் பெறுவதும், பூச்சி மிகுந்த ஆண்டில் சன்னரகம் போட்டவர் கதிரில்லாத தூர்களை அறுப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். உங்கள் வயலில் ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆண்டு இந்தப் பூச்சி கடுமையாக வந்தது என்பதை எழுதிப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. ஐந்தில் மூன்று என்றால் ரகத்தை மாற்றுவதே சரி. ஐந்தில் ஒன்று என்றால் மாற்றத் தேவையில்லை என்பேன்.

இரண்டாவது செலவு ஆழமானது, அதிகம் பேசப்படாதது. ஆனைக்கொம்பன் ஈ எல்லா ஊரிலும் ஒன்றல்ல. இந்தியாவில் மட்டும் இதன் ஏழு உயிரி வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவை கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், எந்த எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தை எது வெல்லும் என்பதில்தான் வேறுபடும். நெல்லில் இந்தப் பூச்சிக்கு எதிரான மரபணுக்கள் ஜி.எம். 1 முதலாகப் பத்துக்கும் மேல் பெயரிடப்பட்டுள்ளன. ஆனால் எந்த ஒரு மரபணுவும் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. பல்குணா என்ற ரகத்தின் கதையை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஐ.ஆர். 8 ரகத்தையும் தாய்லாந்தின் சயாம் 29 ரகத்தையும் இணைத்து உருவான அது ஆந்திரத்தில் பரவலாகப் பயிரிடப்பட்டது. 1980களின் பிற்பாதியில் ஸ்ரீகாகுளம் பகுதியில் புதியதொரு உயிரி வகை தோன்றி, அதன் எதிர்ப்பைத் தகர்த்துவிட்டது. ரகத்தில் குறை இருந்ததால் இது நேரவில்லை. ஒரே மரபணுவைப் பரந்த நிலப்பரப்பில் ஆண்டுக்கணக்கில் நட்டால், அதைத் தாங்கும் சில ஈக்களே பிழைத்துப் பெருகும். அதனால்தான் இன்றைய இனவிருத்தியாளர்கள் ஒரே ரகத்தில் இரண்டு மூன்று மரபணுக்களைச் சேர்க்கிறார்கள்.

விவசாயி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நடைமுறையானது. தெலங்கானாவில் எதிர்ப்பு என்று பெயர் வாங்கிய ரகம் மதுரையிலும் எதிர்க்கும் என்று கொள்ளக் கூடாது. உங்கள் வட்டாரத்தில் சோதித்த ரகமா என்று ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டே விதை வாங்க வேண்டும். எதிர்ப்பு ரகத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழல் தெரிவது இயல்பு. அதைப் பார்த்ததும் ரகம் பொய்த்துவிட்டது என்று மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். குழல்கள் பயிர் முழுவதும் பரவினால் மட்டும் வேளாண் அலுவலருக்குத் தெரிவியுங்கள். அந்தச் செய்தி உங்கள் ஒரு வயலுக்கு அப்பாலும் பயன்படும்.

## முன்கூட்டிய நடவு

நாள்: நாற்று விடும் நாள், அதாவது நடவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்.

மேகமூட்டம், தூறல், காற்றில் மிகுந்த ஈரம் ஆகியவை இந்த ஈக்கு உகந்தவை. முட்டையிலிருந்து வந்த புழு குருத்தை அடைய இலையில் ஈரம் வேண்டும் என்பதே அதற்குக் காரணம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும்போது பயிர் தூர்கட்டும் பருவத்தைக் கடந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். அப்போதுதான் நடப்பட்டிருந்தால் இளந்தூர்கள் எல்லாம் ஈயின் முன் விரித்து வைத்த இலையாகிவிடும். காவிரிப் படுகையில் குறுவையை விடப் பிந்திய சம்பாவிலும் தாளடியிலும் இந்தப் பூச்சி மிகுவது இதனால்தான்.

கைப்பணச் செலவு ஏதும் இல்லை என்பதால் இதுவே மலிவான வழி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மேட்டூர் நீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பது விவசாயி கையில் இல்லை. ஆழ்துளைக் கிணறு இல்லாதவர் நடவை முன்னே தள்ள வேண்டுமானால் நீரை விலைக்கு வாங்க வேண்டும், நடவு ஆட்களுக்கும் தேவை குவியும் நாளில் கூடுதல் கூலி கொடுக்க வேண்டும். குறுவை அறுவடை தாமதமானால் தாளடி நடவும் தானாகப் பிந்துகிறது. தாளடிக்காரருக்கு இந்த வழி பெயரளவில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமானது அண்டை வயல். நீங்கள் ஒருவர் மட்டும் முன்னே நட்டு, சுற்றிலும் மூன்று வாரம் பிந்தி நட்டால், உங்கள் பயிர் தப்பும், ஆனால் அங்கே பெருகும் ஈக்கு ஊரில் தொடர்ந்து இளம்பயிர் கிடைக்கும். ஒரு பாசனக் கிளை முழுவதும் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடித்தால்தான் இதன் முழுப்பலன் தெரியும்.

## ஒட்டுண்ணிக் குளவி

நாள்: நடவு செய்த 10ஆம் நாள்.

பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற கருநிறக் குளவி, கடுகைவிடச் சிறியது. அது ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. அந்த ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து, புழுவின் உடலுக்குள் பல குளவிகளாக வளர்கிறது. புழு குழலை உண்டாக்கும் அளவுக்கு வாழும், ஆனால் ஈயாக மாறாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஒட்டுண்ணி தாக்கிய குழல்களைச் சேகரித்து, 10 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற அளவில் நடவு செய்த 10ஆம் நாள் வயலில் வைக்கப் பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 400 குழல்கள்.

இந்தக் குளவி இயற்கையாகவே வயல்களில் இருக்கிறது. பிறகு ஏன் தனியாக விட வேண்டும் என்று கேட்கலாம். ஈ பெருகிய பிறகே குளவி பெருகும். பருவத்தின் பிற்பகுதியில் குழல்களைப் பிளந்து பார்த்தால் கணிசமானவற்றில் ஒட்டுண்ணி இருக்கும், ஆனால் அதற்குள் தூர்கள் போய்விட்டிருக்கும். 10ஆம் நாள் குழல் வைப்பதன் நோக்கம் அந்தத் தாமதத்தைக் குறைப்பதே.

இதன் மறைந்த செலவு உழைப்பு. 400 குழல்களை எங்கிருந்து எடுப்பது? முன்னதாக நட்ட வயல்களில் குழல்களைப் பறித்து, அவற்றில் எவை ஒட்டுண்ணி உள்ளவை என்று பிரித்தறிய வேண்டும். அடிப்பகுதியை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நல்ல புழு வழுவழுப்பாக ஒரே உடலாக இருக்கும், ஒட்டுண்ணி உள்ள புழுவின் தோலுக்குள் சிறுசிறு பைகள் திணித்ததுபோல் தெரியும். சிலவற்றைப் பிளந்து விகிதம் தெரிந்துகொண்ட பின், அதே வயலின் மற்றக் குழல்களைப் பிளக்காமல் எடுக்கலாம். பிரித்தறியாமல் அள்ளி வந்தால் ஈயையே வயலுக்குக் குடியேற்றியதாக முடியும். தனி விவசாயிக்கு இது கடினம். குழுவாகச் செயல்படும் இயற்கை விவசாயிகளுக்கும், வேளாண் அறிவியல் நிலையத்தோடு தொடர்புள்ள ஊர்களுக்கும் பொருந்தும்.

குளவியை நம்புபவர் நடவு முதல் 30 நாள் வரை வேறு எந்தப் பூச்சிக்கும் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டு பயந்து தெளிக்கும் ஒரு தெளிப்பு, 400 குழல்களின் உழைப்பைக் கெடுத்துவிடும்.

## பூச்சிக்கொல்லி: நாற்றங்காலில், வயலில்

நாள்: நாற்றுப் பறிப்பதற்கு 5 நாள் முன். அல்லது தூர்கட்டும் பருவத்தில், எண்ணிப் பார்த்த பின்.

மருந்து என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் இவை இரண்டு வெவ்வேறு வழிகள்.

நாற்றங்காலில் குருணை போடுவதை நான் பொருளாதார நோக்கில் ஆதரிக்கிறேன். ஓர் ஏக்கர் நடவுக்கு நாற்றங்கால் 8 சென்ட் அளவே போதும். வேரால் உறிஞ்சப்படும் மருந்து நாற்றோடு வயலுக்குச் சென்று முதல் சில வாரங்களுக்குக் காவல் நிற்கும். மருந்து சிறிய இடத்தில் அடங்குகிறது, வயலின் சிலந்திகளையும் குளவிகளையும் பெரிதாகத் தொடுவதில்லை. எதிர்ப்பு ரகம் போட முடியாத, நடவும் பிந்திவிட்ட தாளடிக்காரருக்கு இதுவே மிஞ்சியுள்ள நல்ல வழி.

நடவு வயலில் மருந்திடுவது வேறு. 100 தூரில் 10 குழலாகியிருந்தால் பொருளாதாரச் சேத நிலை (மருந்துக்குச் செலவிடுவது பொருந்தும் அளவு) எட்டியதாகப் பல்கலைக்கழகம் கணக்கிடுகிறது. வயலின் பல இடங்களில் 10 குத்துக்களைத் தேர்ந்து, மொத்தத் தூரையும் குழலான தூரையும் எண்ணினால் இது தெரிந்துவிடும். அந்த நிலையில் பிப்ரோனில் 0.3 சதவீதக் குருணை ஏக்கருக்கு 7 முதல் 10 கிலோ, அல்லது நீரில் கலந்து தெளிக்கும் தயமீத்தாக்சம் 25 டபிள்யூ.ஜி. ஏக்கருக்கு 40 கிராம் என்பவை வழக்கிலுள்ள அளவுகள். வாங்கும் பொட்டலத்தின் மேல் அச்சாகியிருக்கும் பயிரும் அளவுமே இறுதி. போரேட் குருணையின் பெயரைப் பழைய கையேடுகளில் பார்த்துக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவில் அதன் பயன்பாடு 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

இதன் மறைந்த செலவுகள்தான் பட்டியலில் நீளமானவை. குருணைக்கு வயலில் தேங்கிய நீர் வேண்டும், சில நாட்கள் வடியவும் கூடாது. ஆனைக்கொம்பன் மிகும் ஐப்பசி, கார்த்திகையிலோ மழையால் வரப்பு வழிந்தோடும். போட்ட மருந்து பக்கத்து வயலுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும், மீனுக்கும் நண்டுக்கும் அது நஞ்சு. தெளிப்பு மருந்தின் குறை வேறு. கண்ணுக்குத் தெரிந்த குழல்களைப் பார்த்துத் தெளிக்கிறோம், அந்தக் குழல்களில் சேதம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஊடுருவாத மருந்தானால் அடியில் உள்ள இளம்புழுவுக்கும் அது எட்டாது. வேப்பங்கொட்டைக் கரைசல் போன்ற வீட்டுத் தயாரிப்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே விடைதான். தெளித்ததில் முதலில் இறப்பவை திறந்த வெளியில் உள்ள குளவியும் சிலந்தியும். பிறகு சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் பெருகினால் அதற்கும் ஒரு செலவு.

## தழைச்சத்தும் விளக்குப் பொறியும்

இவை தனி வழிகள் அல்ல, மேலே சொன்ன எதோடும் சேர்பவை. யூரியாவை ஒரே தவணையில் கொட்டினால் மென்மையான இளந்தூர்கள் மிகும், பூச்சியும் மிகும். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டு யூரியாத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுவதும் சாம்பல் சத்தைத் தவிர்க்காமல் இடுவதும் செலவைக் கூட்டாது, யூரியாச் செலவைக் குறைக்கவும் கூடும். விளக்குப் பொறி ஈயின் வரவைக் காட்டும் கருவி, அதைக் கட்டுப்படுத்தும் கருவியாக விற்பவரை நம்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | எதிர்ப்பு ரகம் | முன் நடவு | குளவி | நாற்றங்கால் குருணை | வயலில் மருந்து |
|---|---|---|---|---|---|
| முடிவு நாள் | விதை வாங்கும்போது | நாற்று விடும்போது | நடவின் 10ஆம் நாள் | பறிக்க 5 நாள் முன் | 10 சதவீதம் எட்டும்போது |
| புழுவை எட்டுமா | ஆம் | புழு வருமுன் தப்பிக்கிறது | முட்டையிலேயே | ஆம், சில வாரம் | ஓரளவே |
| கைச்செலவு | விதை மட்டும் | இல்லை | குறைவு | குறைவு | அதிகம் |
| மறைந்த செலவு | சந்தை விலை, புதிய உயிரி வகை | நீர், கூலி | உழைப்பு, தெளிப்பைத் தவிர்த்தல் | கையாளும்போது கவனம் | நீரோடு ஓடுதல், புகையான் |
| அண்டை வயலைச் சார்ந்ததா | இல்லை | மிகுதியாக | ஓரளவு | இல்லை | ஓரளவு |

## யாருக்கு எது

ஆண்டுதோறும் இந்தப் பூச்சியைச் சந்திக்கும் வயலும், சன்னரகத்துக்கு என்று கட்டாயம் இல்லாத விற்பனையும் இருந்தால் எதிர்ப்பு ரகமே முதல் தேர்வு. மற்ற எதையும் அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை. சொந்தக் கிணறும் சன்னரகத்துக்கு நல்ல விலையும் உள்ளவர் ரகத்தை மாற்றாமல் நடவை முன்னே தள்ளட்டும், யூரியாவைப் பிரித்து இடட்டும். தாளடிக்காரர் நாற்றங்காலில் கவனம் வைக்க வேண்டும். அங்கே 8 சென்டில் செய்யத் தவறியதை வயலின் 100 சென்டில் செய்து ஈடுகட்ட முடியாது. இயற்கை வேளாண்மை செய்பவர்கள் ரகத்தையும் குளவியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிலைமைதான் சிக்கலானது. நடவு செய்து 25 நாள், குழல்கள் 12 சதவீதம், தூர் இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், முதலில் பத்துக் குழல்களைப் பிளந்து பாருங்கள். பாதிக்கு மேல் ஒட்டுண்ணி இருந்தால் ஒரு வாரம் பொறுத்து மீண்டும் எண்ணுங்கள். ஒட்டுண்ணியே இல்லை, மழை ஓய்ந்து வயலில் நீரைத் தேக்க முடிகிறது என்றால் குருணை போடுவதில் பொருள் இருக்கிறது. அதுவே 50 நாள் பயிர், கதிர் உருவாகத் தொடங்கிவிட்டது என்றால், குழல் 20 சதவீதம் இருந்தாலும் மருந்து வாங்காதீர்கள், இனிமேல் எந்தத் தூரும் குழலாகப் போவதில்லை. அந்தப் பணத்தை வைத்திருந்து, அறுவடை முடிந்ததும் தாள்கள் மறுதுளிர் விடுமுன் வயலை உழுங்கள். மறுதுளிரிலும் வரப்போரக் காட்டு நெல்லிலும் தங்கும் ஈதான் அடுத்த போகத்தின் நாற்றங்காலைத் தேடி வரும்.